தீபாவளி சீசனில் ஒற்றைத் தலைவலி: என் நாட்குறிப்பு

18 அக்டோபர் 2024, வெள்ளி

டாக்டர் சொன்னபடி இன்றிலிருந்து எழுதுகிறேன். எப்போது தூங்கினேன், எப்போது சாப்பிட்டேன், மாதவிலக்கு எந்தத் தேதி, என்ன மாத்திரை போட்டேன் என்று எல்லாம். "வலி வராத நாளையும் எழுதுங்கம்மா. அப்பதான் எது காரணம், எது காரணமில்லைன்னு பிடிபடும்" என்றார்.

இன்று தலைக்குக் குளித்தேன், மல்லிகை வைத்தேன். வலி இல்லை.

21 அக்டோபர், திங்கள்

ஜவுளிக்கடையில் சீசன் கூட்டம். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவே முடியவில்லை. மூன்றரைக்குப் பில் போடும்போது 2,850 என்ற தொகையில் நடு எண்கள் இரண்டும் காணோம். இடது ஓரத்தில் ரம்பப்பல் போல ஓர் ஒளிக்கோடு மினுங்கிக்கொண்டே வளைந்து பெரிதானது. கண்ணை மூடினாலும் போகவில்லை. இருபது நிமிடம் கழித்து அது மறையவும் வலது நெற்றிப்பொட்டு துடிக்க ஆரம்பித்தது. வீடு வந்து சேர்வதற்குள் இரண்டு தடவை வாந்தி.

முன்பெல்லாம் இதற்குக் கண்ணாடிக் கடைக்கு ஓடுவேன். கண்ணில் கோளாறே இல்லை என்று டாக்டர் விளக்கினார். மூளையின் பின்பக்கம், பார்வைக்கான பகுதியில், நரம்பணுக்கள் கொந்தளித்து அடங்குகிற ஓர் அலை கிளம்புகிறதாம். நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் அதன் வேகம். அதனால்தான் கோடு அவ்வளவு மெதுவாக நகர்கிறது. பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர் லேயாவ் முயல்களின் மூளையில் இந்த அலையைக் கண்டு 1944இல் எழுதியிருக்கிறார். பிறகு மூளை உறைக்கு உணர்வு கொடுக்கும் நரம்பு தூண்டப்பட்டு வலி வருகிறது.

இந்த ஒளிக்கோடு வருகிற பெண்கள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் பக்கவாத ஆபத்து கூடும். நான் அதைச் சாப்பிடுகிறேனா என்று டாக்டர் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டார். தோழிகள் யாருக்காவது இப்படி வந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

26 அக்டோபர், சனி

வலி இல்லை. கடையில் எல்லோர் கைப்பையிலும் தலைவலி மாத்திரை இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து சேர்ந்த கலவை மாத்திரைகளை மாதத்தில் பத்து நாளும் அதற்கு மேலும் போட்டுக்கொண்டே வந்தால், மாத்திரையாலேயே தலைவலி நிலைத்துவிடும் என்று டாக்டர் எச்சரித்ததை உடன் வேலை செய்கிறவர்களிடம் சொன்னேன்.

31 அக்டோபர், வியாழன், தீபாவளி

நேற்று இரவு கடை மூடப் பன்னிரண்டு மணி. இன்று நாலு மணிக்கு எழுந்து எண்ணெய்க் குளியல், பட்டாசுப் புகை, வெறும் வயிற்றில் அதிரசம். பதினோரு மணிக்கு வலி.

"எண்ணெய் ஒத்துக்கல கண்ணு, தலையில நீர் கோத்துக்கிச்சு. ஆவி பிடி" என்றார் அத்தை. அக்கறையில் சொல்கிறார், முழுக்கத் தவறும் இல்லை. தலைக்குக் குளித்தால் ஒற்றைத் தலைவலி வருகிற நம் ஊர் நோயாளிகளைப் பற்றி மும்பை மருத்துவர் ஒருவர் 2006இல் எழுதியிருக்கிறார். ஆனால் எனக்குத் தனியாகக் குளியல் மட்டும் வலி தருவதில்லை என்று 18ஆம் தேதிக் குறிப்பு சொல்கிறது. தூக்கம் கெட்டு, வயிறும் காய்ந்து, அதோடு குளியலும் புகையும் சேர்ந்தால்தான் தாங்கவில்லை.

1 நவம்பர், வெள்ளி

இருட்டறையில் படுத்தபடி யோசித்தேன். புதன் மாலையே ஓயாமல் கொட்டாவி விட்டேன், கழுத்து இறுகியிருந்தது, இனிப்பு வேண்டும் போல் ஒரு வெறி. இவையெல்லாம் வலிக்கு முந்தின கட்டத்தின் அறிகுறிகள். அப்படியானால் அதிரசத்தால் வலி வரவில்லை. வலி கிளம்பிவிட்டதால்தான் அதிரசம் கேட்டிருக்கிறது! சாக்லேட் சாப்பிட்டால் வரும் என்கிறார்களே, அதிலும் பல பேருக்கு இதுதான் நடக்கிறது.

வீட்டுக்கு வந்த உறவுக்காரர் "தலைவலிக்கெல்லாமா படுப்பாங்க?" என்று கேட்டார். கோபமாக வந்தது. நாலு மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரை ஆளைச் சாய்க்கிற நரம்பு நோய் இது. மாதவிலக்கை ஒட்டி ஈஸ்ட்ரோஜன் இறங்குவதும் தூண்டும், அதனால் பெண்களுக்கே அதிகம். வலியோடு படுத்திருப்பவளை நடிக்கிறாள் என்று சொல்லாதீர்கள்.

7 நவம்பர், வியாழன், சூரசம்ஹாரம்

சஷ்டி விரதத்தை விட மனசில்லை. அத்தையே வழி சொன்னார்: "முருகன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டான், பாலும் பழமும் நேரத்துக்குச் சாப்பிடு." காபியையும் வழக்கமான நேரத்தில் குடித்தேன், திடீரென்று நிறுத்தினால் அதுவே வலியைக் கிளப்பும். சாயங்காலம் கழுத்து லேசாக இறுகியது, அதற்கு மேல் போகவில்லை.

நாளை டாக்டரிடம் இந்த நோட்டைக் காட்டவேண்டும். வலி வராமல் தடுக்கத் தினமும் போடும் மாத்திரை பற்றிப் பேசலாம் என்றிருந்தார். அதில் புரோப்ரனலால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. எனக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்தது, அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.