குடல்வாலுக்குள் இருந்த கீரிப்பூச்சி

மகளுக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்து, காயத்தைக் காட்டப் போன அன்றுதான், எடுத்த குடல்வாலை லேபில் சோதித்த பயாப்சி அறிக்கை கைக்கு வந்தது. குடல்வால் சுவரில் அழற்சி இல்லை, உள்ளே கீரிப்பூச்சிகள் இருந்தன என்று எழுதியிருந்தது. அப்படியென்றால் அவளைச் சுருண்டு படுக்க வைத்த வலி எதனால் வந்தது?

சர்ஜன் பொறுமையாக விளக்கினார். குடல்வால் என்பது ஒரு முனை மூடிய ஒல்லியான குழாய். பெருங்குடல் தொடங்கும் இடத்தில் குடியிருக்கும் இந்தப் பூச்சிகள் அதற்குள் புகுந்து அடைத்தால், அழற்சி இல்லாமலேயே அதே மாதிரி வலி வரலாம். சிலருக்குப் பூச்சியும் இருக்கும், நிஜமான அழற்சியும் இருக்கும். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரிப்பது கஷ்டம்.

அவளுக்கு வலி தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்கியது. வாந்தி எடுத்தாள். காய்ச்சல் இல்லை, வெள்ளை அணுக்கள் கொஞ்சம் கூடுதல், ஸ்கேனில் குடல்வால் சரியாகத் தெரியவில்லை. டிரிப்ஸ் போட்டுக் கவனித்தார்கள், வலி கூடிக்கொண்டே போனது. குடல்வால் வெடித்தால் வயிறு முழுக்கச் சீழ் பரவும் என்பதால் லேப்ராஸ்கோப்பி, அதாவது சிறு துளைகள் வழியாகச் செய்யும் அறுவை சிகிச்சை, செய்தார்கள். அந்த முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன். பூச்சி மாத்திரை கொடுத்துவிட்டு வீட்டில் காத்திருக்கிற வலி இல்லை அது.

ஆனால் குடல்வாலை எடுத்துவிட்டால் பூச்சி போய்விடாது. பெருங்குடலில் மிச்சம் இருக்கும். பெண் பூச்சி ராத்திரியில் ஆசனவாய்க்கு வெளியே வந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. அதனால்தான் அரிப்பு. சொறிந்த விரல் வாய்க்குப் போனால் சுற்று மறுபடி தொடங்கும். முட்டை துணியிலும் படுக்கையிலும் இரண்டு மூன்று வாரம்கூட உயிரோடு இருக்கும்.

மலப் பரிசோதனையில் இது பெரும்பாலும் சிக்காது. காலையில் எழுந்ததும், குளிப்பதற்கும் கழிவறைக்குப் போவதற்கும் முன்னால், ஒட்டும் டேப்பை ஆசனவாய் ஓரத்தில் அழுத்தி எடுத்து லேபில் கொடுக்கச் சொன்னார்கள். மூன்று நாள் தொடர்ந்து எடுத்தால் கண்டுபிடிக்கும் வாய்ப்பு அதிகமாம். இளையவனுக்கு அதற்குக்கூட வேலை வரவில்லை. அவன் தூங்கிய பிறகு டார்ச் அடித்துப் பார்த்தேன். வெள்ளை நூல் துண்டு போல, ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் ஒன்று மெதுவாக நெளிந்தது.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. மாத்திரை பூச்சியைக் கொல்லும், முட்டையை அழிக்காது, அதனால் அந்த இரண்டாவது தவணையை விடவே கூடாது. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையோ கர்ப்பிணியோ வீட்டில் இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அப்புறம் நகம் வெட்டுவது, காலையில் எழுந்ததும் குளிப்பது, உள்ளாடையையும் விரிப்பையும் உதறாமல் எடுத்துச் சுடுநீரில் துவைப்பது. இதில் உதறாமல் எடுப்பதுதான் பழக வேண்டிய விஷயம். உதறினால் முட்டை அறை முழுக்கப் பறக்கும்.

பிள்ளைக்கு ராத்திரி ஆசனவாயில் அரிப்பு இருந்திருந்தால், வயிற்றுவலியோடு போகும்போது அதையும் கேட்காமலேயே சொல்லிவிடுங்கள். குடல்வால் எடுத்தவர்கள் பயாப்சி அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான் அது தயாராகும். அதை வாங்கிப் பார்த்திருக்காவிட்டால் எங்கள் வீட்டில் யாருக்கும் மாத்திரையே கிடைத்திருக்காது.