மாதம் ஒரு ஊசி

“நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள், டாக்டர்?” என்று அந்தப் பண்ணை உரிமையாளர் கேட்டார். “இரண்டு பக்கத்து ஆபத்தையும் சொல்லிவிட்டேன், மந்தை உங்களுடையது, முடிவும் உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும்” என்று நான் சொன்னேன். நடந்த பேச்சு இவ்வளவுதான். இதில் நான் சொன்ன எந்தச் சொல்லும் தவறானது என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் வேறு பண்ணைகளில் அதே கேள்வி எழும்போதெல்லாம் இந்தப் பதில் முன்னால் வந்து நின்றுகொள்கிறது, நான் சொல்ல நினைத்தது பாதியில் தடுமாறுகிறது.

கேள்வி, மாதந்தோறும் போடும் ஐவர்மெக்டின் என்னும் புழுக்கொல்லி ஊசியைப் பற்றியது. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஒட்டகத்தின் உறவினங்களான அல்பாக்காவோ லாமாவோ வளர்ப்பவர்கள் வேலியோரம் வெள்ளைவால் மானைக் கண்டால் முகம் சுளிப்பதற்குக் காரணம் உண்டு. அந்த மானின் மூளையுறையில் வாழும் ஒரு புழு மானுக்குப் பெரும்பாலும் எந்தத் தொல்லையும் தருவதில்லை. மானின் புழுக்கையோடு வெளியேறும் அதன் இளம்புழுக்கள் நத்தைகளின் உடலில் புகுந்து வளர்கின்றன. புல்லோடு சேர்த்து அந்த நத்தையை விழுங்கும் லாமாவின் உடலில், வழி தெரியாதவை போலத் தண்டுவடத்துக்குள் நுழைந்து அலைகின்றன. பின்னங்கால்கள் பின்னத் தொடங்குவதிலிருந்து எழுந்து நிற்கவே முடியாமல் போவது வரை எதுவும் நேரலாம். லாமாவின் உடலில் அந்தப் புழு இனப்பெருக்கம் செய்வதில்லை என்பதால் புழுக்கையைச் சோதித்துப் பயனில்லை. தண்டுவடத் திரவத்தில் ஈசினோபில் என்னும் வெள்ளையணுக்கள் மிகுந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். உறுதி கிடைப்பது விலங்கு இறந்து, அறுத்துப் பார்த்த பிறகுதான். ஐவர்மெக்டினோ தண்டுவடத்துக்குள் போதிய அளவில் செல்லாத மருந்து. ஆகவே புழு அங்கே போய்ச் சேருமுன் அதைக் கொன்றாக வேண்டும். அது எந்த நாளில் விழுங்கப்பட்டது என்பது யாருக்கும் தெரியாது. எனவே நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒரு முறை மந்தை முழுவதற்கும் ஊசி. இந்தக் கணக்கில் குறை காண முடியாது.

ஆனால் ஊசிக்கு ஒரு புழுவை மட்டும் தேடிப் போகத் தெரியாது. ஹீமாங்கஸ் என்னும் இரத்தம் குடிக்கும் வயிற்றுப்புழுவின் பெண் நாளொன்றுக்கு 5,000 முட்டைகள் வரையும் அதற்கு மேலும் இடக்கூடியது. மந்தையில் உள்ள எல்லா விலங்குகளுக்கும் மாதந்தோறும் ஒரே மருந்தைக் கொடுத்து வந்தால், அந்த மருந்துக்குச் சாகக்கூடிய ஹீமாங்கஸ் எல்லாம் செத்துப்போக, சாகாத சில மட்டும் எஞ்சிப் போட்டியின்றிப் பெருகி, மேய்ச்சல் நிலத்தைத் தம் வழித்தோன்றல்களால் நிரப்பிவிடும். ஐவர்மெக்டின் பிறந்த மருந்துக் குடும்பத்தைக் கண்டறிந்ததற்காக வில்லியம் கேம்பெலும் சதோஷி ஓமுராவும் 2015ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். அத்தகைய மருந்து பல பண்ணைகளில் இன்று ஹீமாங்கஸுக்குத் தண்ணீரைப் போட்டது போலத்தான். கால் முடமாவதைத் தடுக்கப் போடும் ஊசி, சோகையைக் கொண்டுவரும் புழுவை வளர்த்துவிடுகிறது என்பதுதான் அவர் முன்னால் நான் வைத்த சிக்கல்.

அன்றைக்கு எனக்கு ஒரு கருத்து இருந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மான்கள் வந்து நிற்கும் ஈரமான கீழ்ப்பக்க மேய்ச்சல் நிலத்தை அடைத்துவிட்டு, நத்தைகள் நடமாடும் மாதங்களில் மட்டும் ஊசி போட்டு, உறைபனிக் காலத்தில் அடியோடு நிறுத்திவிடலாம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதைக் கருத்தாகச் சொல்லாமல், இருக்கும் வழிகளில் ஒன்றாக, மற்ற வழிகளுக்கு இணையான குரலில் சொன்னேன். காரணமும் இருந்தது. அவர் முன்பு ஒரு லாமாவை இந்த மூளையுறைப் புழுவுக்குப் பறிகொடுத்தவர். வயிற்றுக்கு அடியில் பட்டை கொடுத்துத் தூக்கி நிறுத்தி, ஃபென்பெண்டசோல் என்னும் புழு மருந்தும் வீக்கத்துக்கான மருந்தும் கொடுத்து, படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போட்டு, கடைசியில் கருணைக்கொலைக்குச் சம்மதித்தவர். அப்படிப்பட்ட ஒருவரிடம் ஊசியைக் குறையுங்கள் என்று நான் சொல்லி, மறு கோடையில் இன்னொரு லாமா காலை இழுத்துக்கொண்டு நடந்தால், அந்தச் சுமை யாருடையது? இப்போது எழுதும்போது இது நியாயமான கேள்வியாகவே தெரிகிறது. கூடவே, அது அவரைப் பற்றிய கவலையா, என்னைப் பற்றிய கவலையா என்பதும் தெளிவாகவில்லை.

அவர் ஊசியைத் தொடர்ந்தார். அடுத்த கோடையின் இறுதியில், குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் அல்பாக்கா மந்தையை விட்டுத் தனியே படுக்கிறது என்று அழைத்தார்.

நான் போனபோது அது படுத்தபடியே தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தவர் யாரும் நோய்ப்பட்ட விலங்கு என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அல்பாக்காவிடம் உள்ள சங்கடமே இதுதான். ரோமம் உடல் மெலிவை மறைக்கிறது, சுபாவம் வேதனையை மறைக்கிறது, மெல்ல மெல்ல இரத்தம் குறைந்தால் உடல் அதற்கும் ஈடுகொடுத்துக்கொண்டு நெடுநாள் நடமாடுகிறது. ரோமத்துக்குள் கையை நுழைத்து இடுப்புக்கு முன்னால் முதுகெலும்பின் மீது வைத்தேன். எலும்பின் இருபுறமும் சதை நிறைந்திருக்க வேண்டிய இடம் உள்வாங்கிக் கிடந்தது. மேல் இமையை விரலால் மெதுவாக அழுத்திக் கீழ் இமையை இழுத்தபோது பிதுங்கிய உட்சவ்வில் சிவப்பின் சாயல்கூட இல்லை. தென்னாப்பிரிக்காவில் செம்மறி ஆடுகளுக்காக உருவாக்கப்பட்டு இப்போது அல்பாக்காக்களுக்கும் பயன்படும் ஃபமாச்சா வண்ண அட்டையில் 1 என்பது நல்ல சிவப்பு, 5 என்பது வெளுப்பு. இங்கே அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே தேவைப்படவில்லை. இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு நூற்றுக்கு 25க்கு மேல் இருக்க வேண்டியது, 9 இருந்தது. மந்தையிலிருந்த திடமான ஓர் ஆணிடமிருந்து இரத்தம் எடுத்து ஏற்றினோம். பிழைக்கவில்லை.

பிறகு மந்தை முழுவதன் புழுக்கையையும் தனித்தனியே எடுத்து முட்டைகளை எண்ணினேன். அவரது வழக்கமான ஊசியைப் போடச் சொல்லி, 14 நாள் கழித்து மறுபடியும் எண்ணினேன். மருந்து வேலை செய்தால் எண்ணிக்கை நூற்றுக்கு 95 பங்காவது குறைய வேண்டும். நுண்ணோக்கியின் கீழ் கோடுகளுக்கு நடுவே ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போகையில், சர்க்கரைக் கரைசலில் மிதக்கும் அந்த நீள்வட்ட முட்டைகள் முதல் முறை இருந்ததைப் போலவே கட்டத்துக்குக் கட்டம் வந்துகொண்டிருந்தன. பாதியிலேயே விடை தெரிந்துவிட்டது. இருந்தாலும் கடைசி மாதிரி வரை எண்ணி முடித்தேன், ஏனென்றால் இந்தத் தாளை அவரிடம் காட்ட வேண்டியிருந்தது.

காட்டியபோதுதான் அவர் அதைச் சொன்னார். கோபமில்லாமல், கொட்டகைக் கதவைத் தாழிட்டுக்கொண்டே சொன்னார்: “அன்றைக்கு நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஊசியை நிறுத்தியிருப்பேன், டாக்டர்.”

இதற்கு மறுமொழி என்னிடம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. மருந்துக்கு எதிரான எதிர்ப்புத்திறன் புழுக்களுக்கு ஓராண்டில் வருவதன்று. நான் அந்தப் பண்ணைக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்பே பல ஆண்டுகளாக மாதந்தோறும் ஊசி போடப்பட்டிருக்கிறது. அவர் கேட்ட அன்றே நிறுத்தியிருந்தாலும், மருந்துக்கு அடங்காத புழுக்கள் சட்டென்று மறைந்துபோய் அடங்கும் புழுக்கள் திரும்பி வந்திருக்கப் போவதில்லை. அந்த அல்பாக்கா எந்த மருந்துக்கும் சாகாத புழுவால் சாகவில்லை. ஐவர்மெக்டினுக்குச் சாகாத புழுவால் செத்தது. அதைக் காப்பாற்றியிருக்கக்கூடியது ஊசியை நிறுத்துவதன்று, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இமையைப் பார்ப்பதும், முட்டைகளை எண்ணச் சொல்லி புழுக்கையை அனுப்புவதும், புல்லை ஒட்ட மேயவிடாமல் மந்தையை மாற்றிக் கட்டுவதும்தான். இவற்றை அவரிடம் நான் சொல்லியிருந்தேன். வண்ண அட்டையைக் கையில் கொடுத்து இமையைப் பிதுக்கவும் காட்டியிருந்தேன். போதாதென்றால், பண்ணையில் எடைத் தராசு இல்லை, அவர் எல்லா அல்பாக்காவுக்கும் கண் மதிப்பில் ஒரே அளவு மருந்தை ஏற்றுபவர், ரோமத்தை நம்பிக் கணிக்கும் எடை எப்போதும் பிசகும், குறைந்த அளவு மருந்தும் எதிர்ப்புத்திறனுக்கு உரமிடும் என்று இன்னும் அடுக்கலாம். இதை அடுக்கும்போது மட்டும் எனக்கே கூசுகிறது. கால்நடையை இழந்தவரிடம் தராசைப் பற்றிப் பேசுவது மருத்துவமாகாது.

உயிரியல் என் பக்கம் நிற்கிறது. ஆனால் அவர் உயிரியலைப் பற்றிப் பேசவில்லை என்பதுதான் என்னை விடாத விஷயம். இரு ஆபத்துகளையும் சரிசமமாக வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது நடுநிலை என்று படித்த காலத்திலிருந்து நம்பி வந்திருக்கிறேன். சோதனைக்கூடத்துக்கு அது பொருந்தலாம். கொட்டகை வாசலில், ஒருவர் தன் கண்ணால் பார்த்த முடத்தையும், தான் இதுவரை பார்த்திராத சோகையையும் நான் எவ்வளவு சமமாக எடைபோட்டுக் கொடுத்தாலும் அவை அவருக்குச் சமமாகப் போய்ச் சேர்வதில்லை. லாமா விழுந்து கிடந்ததை அவர் பார்த்திருக்கிறார்; முட்டை எண்ணிக்கை ஒரு தாளில் வரும் எண். ஆக, நான் எந்தப் பக்கமும் சாயாமல் பேசியதே ஊசியின் பக்கம் சாய்ந்ததாகிவிட்டிருக்கலாம். “முடிவு உங்களுடையது” என்பதைக் கேட்டவர் அதை மரியாதையாக எடுத்துக்கொண்டாரா, கைவிடலாக எடுத்துக்கொண்டாரா என்று அப்போது அவர் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் அப்போது பெட்டியில் ஊசிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

இதற்கு நேர்மாறான வழக்கமும் எனக்கு உவப்பில்லை. சில சக மருத்துவர்கள் கேள்வி முடியுமுன் தீர்ப்பைச் சொல்லிவிடுவார்கள். வளர்ப்பவர்களும் அவர்களைத்தான் விரும்பி அழைக்கிறார்கள். அல்பாக்காவுக்கென்று உரிமம் பெற்ற மருந்துகள் மிகக் குறைவு என்பதும், ஆட்டுக்கும் மாட்டுக்கும் வகுத்த அளவை மாற்றித்தான் இவற்றுக்குக் கொடுக்கிறோம் என்பதும் அந்தத் தீர்ப்பின் குரலில் ஒலிப்பதேயில்லை. ஒருமுறை, இந்த நிகழ்ச்சிக்குப் பிறகு, நானும் அப்படிச் சொல்லிப் பார்த்தேன். வேறொரு பண்ணையில் “நானாக இருந்தால் குளிர்காலத்தில் போட மாட்டேன்” என்றேன். அவர்கள் நிறுத்தினார்கள், ஒரு லாமாவுக்கும் ஒன்றும் நேரவில்லை. அதற்கு அடுத்து வந்த கோடையோ வறண்ட கோடை, நத்தை கண்ணில் படுவதே அரிதாக இருந்தது. என் அறிவுரை சரியா தவறா என்று அந்த ஆண்டு எதையும் மெய்ப்பிக்கவில்லை, ஆனால் அந்தப் பண்ணையில் எனக்கு நல்ல பெயர் கிடைத்தது.

அல்பாக்காவை இழந்தவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். இரண்டு வேறு வகை மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்ததில் முட்டைகளின் எண்ணிக்கை ஒழுங்காகக் குறைந்திருக்கிறது, இமைகள் சிவந்திருக்கின்றன, பழைய ஐவர்மெக்டினை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இன்னொரு மருத்துவரிடமும் கேட்டுப் பார்த்ததாகவும், அவரும் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு முடிவு உங்களுடையது என்று சொல்லிவிட்டதாகவும் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த மருத்துவர் ஏன் அப்படிச் சொல்லியிருப்பார் என்று நான் விளக்கத் தொடங்கினேன். அவர் இடைமறித்து, “சரி, நீங்கள் சொல்லுங்கள்” என்றார். இந்த முறை தயங்காமல் சொன்னேன்: கீழ் நிலத்தை அடையுங்கள், நத்தை இல்லாத மாதங்களில் ஊசியை நிறுத்துங்கள், நானாக இருந்தால் இதைத்தான் செய்வேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “மான் இப்போதும் வருகிறது, டாக்டர்” என்றார்.

அவர் நிறுத்தவில்லை. பனி உறைந்த மாதத்திலும் ஊசி போட்டதாகப் பதிவேட்டில் எழுதி வைத்திருப்பதை, தடுப்பூசிக்காகப் போனபோது பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேன் என்று அன்று சொன்னவர், அந்த வார்த்தையைக் கேட்ட பிறகும் நிறுத்தவில்லை என்பதை எனக்குச் சாதகமான சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம். சில நாள்களில் எடுத்துக்கொள்ளவும் செய்கிறேன். மற்ற நாள்களில், முதலில் கேட்டபோதே சொல்லப்பட்ட வார்த்தைக்கும் ஒரு சாவுக்குப் பிறகு சொல்லப்பட்ட அதே வார்த்தைக்கும் அவர் காதில் ஒரே மதிப்பு இருந்திருக்க முடியுமா என்று தோன்றுகிறது. பதிவேட்டில் அந்த வரிக்குக் கீழே அடுத்த முட்டை எண்ணிக்கைக்கான தேதியை எழுதினேன். கீழ் நிலத்து வேலியைப் பற்றி இன்னொரு முறை பேச்செடுத்தேன். கோடைக்கு முன் ஆள் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.