"ரீபால் பண்ணியாச்சு சார்"

ஐந்து மாதமாக லேப்டாப் மக்கர் பண்ணாமல் ஓடுகிறது. அதனால்தான் இதை எழுதவே துணிகிறேன். அதற்கு முன் மூன்று கடை, ஒரு வீண் டிஸ்ப்ளே, ஒரு பொய் ரீபால் (சிப்பைத் தூக்கிப் புது ஈயம் வைத்துத் திரும்ப ஒட்டும் வேலை).

ஆரம்பம் பலரும் பார்த்திருப்பதுதான். திரையில் செங்குத்தாகப் பச்சைக் கோடுகள், நடுவில் சதுரம் சதுரமாகச் சிதறல், வீடியோ ஓட்டினால் அப்படியே உறைந்துவிடும். முதல் கடைக்காரர் மூடியைத் திறந்த வேகத்திலேயே "டிஸ்ப்ளே போச்சு சார், மாத்திடலாம்" என்றார். நானும் தலையாட்டினேன். அன்று இரவே அதே கோடுகள், புது டிஸ்ப்ளேயில் இன்னும் பளிச்சென்று.

கடைக்குப் போகும் முன் செய்திருக்க வேண்டிய சோதனையை அதற்கப்புறம்தான் செய்தேன். எச்டிஎம்ஐயில் வெளி மானிட்டரை மாட்டினால் அதிலும் கோடு. டிஸ்ப்ளேயோ அதன் கேபிளோ கெட்டிருந்தால் மானிட்டர் சுத்தமாக இருந்திருக்கும். ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் வருமுன்பே, பயாஸ் திரையிலேயே கோடு. ஆக டிரைவர் (விண்டோஸுக்குள் கிராபிக்ஸை இயக்கும் மென்பொருள்) மேலும் பழி போட முடியாது. அந்த டிரைவர் இல்லாமல் ஓடும் சேஃப் மோடில் கோடுகளோடு எப்படியோ ஓடியது. டிரைவரைத் திரும்பப் போட்டதும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், கோட் 43; கோளாறு என்று விண்டோஸ் அந்தச் சாதனத்தை நிறுத்திவிட்டது என்று அர்த்தம். (கிராபிக்ஸ் ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் லேப்டாப்பில் ராம் கெட்டாலும் இதே கூத்து நடக்கும். என்னுடையது தனிச் சிப், தனி மெமரி. இருந்தும் ராமை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன்.) மொத்தம் அரை மணி நேர வேலை.

இரண்டாவது கடையில் "ஜிபியு சிப்தான் சார். ரீபால் பண்ணினா சரியாயிடும்" என்றார்கள். (ஜிபியு என்றால் திரைக்குப் படம் வரையும் கிராபிக்ஸ் சிப்.) ரெண்டே நாளில் கொடுத்தார்கள், ஓடியது. பத்தொன்பதாம் நாள் கோடு திரும்ப வந்தது. எடுத்துக்கொண்டு போனால், "சிப் வேலைக்கு வாரண்டி கிடையாது சார், பில்லுலயே போட்டிருக்கோமே." திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கத்தான் செய்தது.

அந்தக் கடுப்பில்தான் வீட்டில் நானே பிரித்தேன். பேட்டரியைக் கழற்றிவிட்டு, சிப்பின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்கை எடுத்து, நடுவில் தடவியிருந்த பேஸ்ட்டைத் துடைத்துப் பார்த்தேன். சிப்பைச் சுற்றிப் பழுப்பாகக் காய்ந்த ப்ளக்ஸ், ஈயம் ஒட்டுவதற்காகத் தடவுவது. ஆனால் சிப்பின் நான்கு மூலையிலும் கம்பெனியிலேயே வைத்த கறுப்புப் பசை, ஒரு கீறல்கூட இல்லாமல், அப்படியே இருந்தது. ரீபால் என்றால் சிப்பைப் போர்டிலிருந்து தூக்கி, பழைய ஈயத்தை வழித்து, புது ஈயக் குண்டுகள் பதித்துத் திரும்ப ஒட்ட வேண்டும். மூலைப் பசையை வெட்டாமல் சிப்பைத் தூக்கவே முடியாது. ஹாட் ஏர் அடித்துச் சூடு காட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

உண்மையிலேயே ரீபால் செய்திருந்தாலும் நிலைத்திருக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இப்போது இல்லை. சிப்புக்குள் ஈயம் இரண்டு அடுக்காக இருக்கிறது. போர்டுக்கும் பச்சை அடித்தட்டுக்கும் நடுவே பெரிய குண்டுகள். அடித்தட்டுக்கும் மேலே பளபளக்கும் சிலிக்கானுக்கும் நடுவே கண்ணுக்கே தெரியாத புள்ளிகள். சூடேறி ஆறி, சூடேறி ஆறி விரிசல் விடுவது பெரும்பாலும் அந்த மேல் அடுக்கில். ரீபாலில் மாறுவது கீழ் அடுக்கு மட்டும். சூடு காட்டும்போது விரிசல் தற்காலிகமாக ஒட்டிக்கொள்கிறது, நாமும் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். 2008 ஜூலையில் என்விடியா தன் லேப்டாப் சிப்கள் சிலவற்றில் சிப்பைப் பொதியப் பயன்படுத்திய பொருள் பலவீனமானது என்று ஒப்புக்கொண்டு, 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே வந்த கோளாறு ஹீட் கன்னுக்கு அடங்குமா? போர்டைச் சமையல் ஓவனில் வைத்து எடுக்கச் சொல்லும் வீடியோக்களும் இதே வித்தைதான். அதே ஓவனில் சமைப்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மூன்றாவது ஆள் கொஞ்சம் முறைப்பான மனிதர், ஆனால் வேலைக்காரர். ஜிபியுவுக்குக் கரண்ட் போகும் கோர் காயிலில் மல்ட்டிமீட்டர் வைத்ததும் பீப் அடித்தது. நான் பதறி "ஷார்ட்டாண்ணே?" என்றேன். "நல்ல ஜிபியுவே இங்க ஒரு ஓம் சுத்திதான் காட்டும். பீப்பை நம்பாதீங்க" என்றார். சுற்றியுள்ள மெமரி சிப் போனாலும் கோடு வருமாம். அதைத் தனியே சோதித்த பிறகே சிப்பை மாற்றச் சம்மதித்தார். நான் கேட்டது இரண்டே: மேலே இருக்கும் நம்பர் முழுக்கப் பொருந்தும் சிப், ஒட்டும் முன்னும் பின்னும் போட்டோ. முறைத்தார். ஆனால் அனுப்பினார்.

அதோடு முடியவில்லை. வீட்டுக்கு வந்த முதல் நாளே சூடு 96 டிகிரி. மெமரி சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்த மேலே வைக்கும் மெத்தை போன்ற பேட் பழையது 1 மில்லிமீட்டர், புதிதாக வைத்தது 1.5. அந்த அரை மில்லிமீட்டர் ஹீட்சிங்கை ஜிபியு மேல் உட்காரவே விடவில்லை. சரியான பேட் வாங்கி நானே மாற்றினேன், 74க்கு இறங்கியது. இந்த மொத்தக் கதையில் என் கையால் நடந்த ஒரே நல்ல காரியம்.

முதல் கடையில் கழற்றிய பழைய டிஸ்ப்ளேயைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். போன வாரம் அதை மறுபடி மாட்டிப் பார்த்தேன். ஒரு கோடுகூட இல்லை.