பதினோரு கையெழுத்தும் ஒரு கூரியர் உறையும்

செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் பழைய வீடு ஒன்றை வாங்கப்போகிறோம் என்றதும் எல்லோரும் கேட்டது, "ஓட்டைப் பிரிச்சு மேய எவ்வளவு ஆகும்?" என்பதைத்தான். ஒருவர்கூட "எத்தனை புள்ளி?" என்று, அதாவது எத்தனை பங்குக் குடும்பம் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் 21 மாத அலைச்சலில் பாதியாவது மிச்சமாகியிருக்கும்.

வீட்டைப் பற்றி நீட்டி முழக்கப்போவதில்லை. நீங்கள் படங்களில் பார்த்திருக்கும் அதே மாதிரிதான். முன் தெருவில் நுழைந்தால் பின் தெருவில் வெளியே வரலாம், பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல். இரண்டாங்கட்டில் (உள்ளே இருக்கும் இரண்டாவது முற்றப் பகுதியில்) ஓடு சரிந்து, சுவரில் அரசங்கன்று வேர் விட்டிருந்தது. 2023 பிப்ரவரியில் பார்த்தோம், அந்த வாரமே அட்வான்ஸ் கொடுத்தோம். முதல் தப்பு அதுதான்.

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் கல்யாணமான ஒவ்வொரு மகனின் குடும்பமும் ஒரு புள்ளி. வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் புள்ளிக்கு இவ்வளவு என்று பிரிந்திருக்கும், முகப்பும் பட்டாலையும் வளவும் எல்லோருக்கும் பொது. மூன்று தலைமுறை தாண்டினால் பங்காளிகள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதே வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது. தரகர் எட்டுப் பங்கு என்றார். எட்டுப் பேரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அப்புறம் எங்கள் வக்கீல் வம்சாவளியை ஒரு தாளில் வரைந்தபோது பதினொன்று வந்தது.

விடுபட்டவர்களில் இருவர் பெண்கள். "அவங்களுக்குத்தான் சீர் எல்லாம் செஞ்சாச்சே, அப்புறம் என்ன பங்கு?" என்று மூத்த பங்காளி கோபித்துக்கொண்டார். இருவருக்கும் கல்யாணம் நடந்தது 1990-க்குப் பிறகு. தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தமே 1989 மார்ச் 25-க்கு முன் மணமாகாத மகள்களுக்குச் சம உரிமை கொடுத்துவிட்டது. 2005-இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தமும் அதன் மேல் 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் இருக்க, இதில் வாதாட ஒன்றுமில்லை. இதை அவருக்குப் புரியவைக்க நான்கு மாதம் ஆனது. அந்த ஆச்சிகள் இருவரும் நாங்கள் போய்க் கேட்ட அன்றே சரி என்றார்கள்.

பதினோராவது ஆள் சிறு வயதில் வேறு வீட்டுக்குச் சுவீகாரம் போனவர். "அவர் இந்த வீட்டுப் பிள்ளையே இல்லை" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஆனால் தத்துப் போகும் முன்பே ஒருவருக்கு வந்து சேர்ந்துவிட்ட சொத்து அவரிடமே இருக்கும் என்கிறது 1956-ஆம் வருஷத்துத் தத்தெடுப்புச் சட்டம். இவருடைய அப்பா அதற்கு முன்பே காலமாகியிருந்தார். பின்னால் வம்பு வேண்டாம், கையெழுத்து வாங்கிவிடுங்கள் என்றார் வக்கீல். தயங்கித் தயங்கித்தான் போனேன். காபி கொடுத்து, "அறுபது வருஷத்துல அந்த வீட்டு விஷயமா என்கிட்ட ஒருத்தர் வந்து கேட்கிறது இதான் முதல் தடவை" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்தது மூலப்பத்திரம். அப்போது நடைமுறையில் இருந்த 55-ஏ பதிவு விதிப்படி முந்தைய அசல் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு. இந்த வீட்டை யாரும் யாரிடமும் வாங்கவில்லை, கொள்ளுத்தாத்தா கட்டியது. பத்திரமே கிடையாது, பட்டா மட்டும் உண்டு. பதிவு அலுவலகத்தில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அசல் இல்லைன்னா போலீஸ்ல காணாமப் போச்சுன்னு சான்று வாங்கிட்டு வாங்க" என்றார். காவல் நிலையத்தில், "இல்லாத பத்திரம் எப்படிங்க காணாமப் போகும்?" என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. இரண்டு இடத்துக்கும் நடுவில் மூன்று முறை பேருந்தில் போய் வந்த பிறகுதான் விதியை அச்செடுத்து உட்கார்ந்து படித்தேன். மூதாதையர் சொத்தாக இருந்து பத்திரம் இல்லாவிட்டால் பட்டா போன்ற வருவாய் ஆவணம் போதும் என்று அதிலேயே இருக்கிறது! அந்தத் தாளை மேசையில் வைத்தேன். அவர் படித்தார். "அப்ப பட்டாவைக் கொண்டாங்க" என்றார், ஏதோ நான்தான் இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்த மாதிரி. (2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த விதியையே செல்லாது என்று சொல்லிவிட்டது. இப்போது போகிறவர்கள் இன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள்.)

இனி உறைக்கு வருகிறேன். மலேசியாவில் இருக்கும் இரண்டு பங்காளிகள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் (தங்கள் சார்பில் இன்னொருவர் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதிக் கூரியரில் அனுப்பினார்கள். வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். தாளைப் பத்திரமாக வைத்த நான், அது வந்த உறையைப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டேன். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முதல் கேள்வியே, "கவர் எங்க?" என்றைக்கு வந்தது என்பதற்கு உறையில் இருக்கும் தேதிதான் சாட்சியாம். இல்லை என்றதும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெரியவர்கள் இருவரும் மறுபடி தூதரகம் போய், மறுபடி கையெழுத்துப் போட்டு, மறுபடி அனுப்பி... இரண்டரை மாதம் போனது. இரண்டாவது உறையைப் பீரோவில் நகையோடு வைத்தேன். வீட்டில் இன்னும் சிரிக்கிறார்கள்.

பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்று தனி. அதற்கு 30 நாள்தான் ஆயுள். எங்களுடையதற்கு 33 நாள் ஆகியிருந்தது. இன்னொரு தடவை. பதிவுத் தேதி உறுதியான பிறகே அந்தச் சான்றைக் கேளுங்கள்.

விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால் வருமானவரிப் பிடித்தமும் வேறு கணக்கு. 50 லட்சத்துக்கு மேல் ஒரு சதவீதம் என்பது உள்ளூர்க்காரர்களுக்கு. வெளிநாட்டுப் பங்குக்கு அந்த வரம்பு கிடையாது, பிடிக்கும் விகிதமும் அதிகம், நாங்கள் வாங்கும்போது அதற்கு டான் எண்ணும் (வரி பிடிப்பவருக்கு வருமானவரித் துறை தரும் எண்) எடுக்க வேண்டியிருந்தது. இது தெரிந்தது பதிவுக்கு ஒன்பது நாள் முன்பு.

இழுத்ததில் லாபமாவது உண்டா என்றால், அதுவும் இல்லை. 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணம் நான்கு சதவீதத்திலிருந்து இரண்டாகக் குறைந்தது, கூடவே வழிகாட்டி மதிப்பை (பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் சொத்து மதிப்பை) ஏற்றிவிட்டார்கள். முத்திரைத் தீர்வை ஏழு சதவீதம் அப்படியேதான்.

எனக்கு இன்னும் ஆறாதது ஒன்று உண்டு. அட்வான்ஸ் கொடுத்தபோது இரண்டாங்கட்டில் பன்னிரண்டு தூண்களை எண்ணினேன். ஒன்றரை வருஷம் கழித்துப் போனபோது பத்துதான் நின்றன. இரண்டு இடத்தில் கல் பீடம் மட்டும் இருந்தது, மேலே சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்திருந்தார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பிரித்த வீடுகளின் தூணும் கதவும் நிலையும் வரிசையாக விலைக்கு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, தேக்குக்கு எப்போதும் ஆள் உண்டு என்பது தெரியும். யார் விற்றது என்று கேட்டேன். பதினோரு பேரும் மற்ற பத்துப் பேரைக் கை காட்டினார்கள். ஒப்பந்தத்தில் "வீடும் மனையும்" என்று மட்டும் எழுதாதீர்கள். தூண் எத்தனை, கதவு எத்தனை, ஊஞ்சல் சங்கிலி உட்பட எண்ணிப் போட்டு, புகைப்படத்தில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

2024 நவம்பரில் பதிவு முடிந்தது. கட்டட அளவெடுப்பு, பணப் பரிமாற்றம் எல்லாம் தடையில்லாமல் நடந்தன.

அன்று மாலை சாவிகளை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தார்கள், ஒவ்வொன்றும் என் உள்ளங்கை நீளம். பதிமூன்று அறைகள், பன்னிரண்டு சாவிகள். பதிமூன்றாவது ஈப்போவில், பவர் கொடுத்த பெரியவரிடம் இருக்கிறதாம். பூட்டை உடைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். நான் உடைக்கவில்லை. தை மாதம் ஒரு கல்யாணத்துக்கு அவர் மகன் வருகிறார், கையோடு கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.