நுரைத்தது அழுக்கன்று

நவம்பர் 2-ஆம் நாள் வரும் கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம் முன்னதாக, சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு செல்வது எங்கள் குடும்ப வழக்கம். காப்பித் தோட்டம் ஒன்றில் கணக்கராக இருந்து மறைந்த என் தாத்தாவை அங்குதான் அடக்கம் செய்திருக்கிறோம். மண்வெட்டி, அரிவாள், தேங்காய் நார், குடம், மெழுகுவத்திக் கட்டு ஆகியவற்றோடு போய், சில்வர் ஓக் சருகுகளை அள்ளி, உண்ணிச்செடிகளை வேரோடு பிடுங்கி முடிப்பதற்குள் உச்சிப்பொழுது ஆகிவிடும். மழைக்குப் பின் அந்தச் செடி வளரும் வேகத்தைப் பார்த்தவர்கள் இதை மிகை என்று சொல்லமாட்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, தாத்தாவின் பெயர் பொறித்த பளிங்குப் பலகை கறுத்துப் போயிருப்பதைக் கண்டு பொறுக்காமல், குளியலறை கழுவும் ஆசிட்டை வாங்கிச் சென்று அதன்மேல் ஊற்றித் தேய்த்தேன். பலகை நுரைத்துப் பொங்கிப் பால்போல் வெளுத்தது. "தம்பி, கல்லுக்கு எதுக்குப்பா இவ்வளவு காரம், தண்ணி போதாதா?" என்று அருகே குழி செப்பனிட்டுக்கொண்டிருந்த பெரியவர் கேட்டபோது, எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மறு ஆண்டு போய்ப் பார்த்தால், பிறந்த ஆண்டின் கடைசி இலக்கத்தை விரலால் தடவித்தான் அறிய முடிந்தது. பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் கரைந்துபோகும். அன்றைக்கு நுரைத்தது அழுக்கன்று, கல்லேதான்.

அதே ஆசிட் வழிந்த அடிப்பீடத்துக் கருங்கல்லுக்கோ ஒரு கீறலும் இல்லை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையே பெரும்பாலும் அந்தக் கல்லால் ஆனது. நிலவியலார் அதைச் சார்னாக்கைட் என்பர். அப்பெயரே ஒரு கல்லறையிலிருந்து வந்தது என்பதைப் பின்னால் அறிந்தபோது வியந்துபோனேன். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைமீது கிடந்த கல்லும் சென்னையை ஒட்டிய பல்லாவரத்துப் பாறையும் ஓரினம் என்று கண்ட நிலவியலார் தாமஸ் ஹாலண்ட், 1893-இல் அப்பாறைக்குச் சார்னாக்கின் பெயரையே சூட்டினார்.

பல்லாவரம் என்றதும் நிலவியலார் ராபர்ட் புரூஸ் ஃபூட்டைச் சொல்லாமல் நகர முடியாது. 1863-இல் அங்கே கற்கால மனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்தவர் அவர். சேலம் மாவட்டப் பாறைகளைப் பற்றி வில்லியம் கிங்கோடு சேர்ந்து 1864-இல் எழுதியவரும் அவரே. ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில் குடியேறிய ஃபூட் 1912-இல் கல்கத்தாவில் இறந்தார். அவருடைய நினைவுக் கல் ஏற்காட்டின் ஹோலி டிரினிட்டி ஆலயத்தில் இருக்கிறது. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கியவர்; தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவரும்கூட. 1882-இல் அவர் மறைந்ததும் இம்மலையில்தான். படகுத்துறையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் கூட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

வெள்ளையரின் கல்லறைகளுக்கு ஒரு வசதி இருந்தது. மதராஸ் மாகாணத்துக் கல்லறை வாசகங்களை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற அதிகாரி தொகுத்து 1905-இல் நூலாக்கினார்; அதில் இடம்பெற்ற கல் சிதைந்தாலும் வாசகம் தாளில் பிழைத்துக்கொள்ளும். தோட்டங்களில் உழைத்து மாண்டவர்களுக்கு அப்படி யார் எழுதி வைத்தார்கள்? மண்மேடும் மரச்சிலுவையும் நான்கைந்து மழைக்காலங்களுக்கு மேல் தாங்குவதில்லை. தாத்தாவின் வரிசையிலேயே பெயரற்ற மேடுகள் ஏழு இருக்கின்றன.

பராமரிப்பு என்ற பெயரில் நடக்கும் இன்னொரு கேடு சிமென்ட். பழைய செங்கல் கல்லறைகள் சுண்ணாம்புக் காரையால் கட்டப்பட்டவை. உள்ளே புகும் ஈரம் காரை வழியாகவே மெல்ல வெளியேறிவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரிக்கும். வெளிப்பூச்சு மட்டும் சில காலம் பளபளப்பாக நின்று, பிறகு செங்கல்லின் முகத்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழும். விரிசல் கண்ட இடத்தில் சுண்ணாம்பும் மணலும் குழைத்து அடைப்பதே போதுமானது என்றாலும், அதற்குப் பதம் தெரிந்த கொத்தனார் கிடைப்பதுதான் அரிதாக இருக்கிறது. விரிசலில் முளைத்த அரசங்கன்றை விரல் பருமனில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். பருத்தபின் இழுத்தால் கட்டுமானமும் கூடவே வரும். ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் வருகிற எங்களைப் போன்றவர்களால் இது ஆகாத வேலை என்பதால், ஆடி மாதத்தில் ஒரு நடையும் இப்போது சேர்த்திருக்கிறோம்.

இப்போது என் பையில் இருப்பவை தண்ணீரும் மென்மையான நார்த் தூரிகையும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் மட்டுமே. காலை வெயிலைக் கண்ணாடியில் வாங்கிக் கல்லின் பக்கவாட்டில் சாய்த்துப் பாய்ச்சினால், தேய்ந்த எழுத்துகளின் பள்ளங்களில் நிழல் விழுந்து பெயர் துலங்கும். தாத்தாவின் பலகையில் நான் அழித்த இலக்கத்தையும் அப்படித்தான் மீட்டுக் குறிப்பேட்டில் எழுதினேன். பெயரற்ற ஏழு மேடுகளில் இரண்டு யாருடையவை என்று அந்தப் பெரியவர் சொல்லியிருக்கிறார். மற்ற ஐந்தையும் கேட்க வரும் ஞாயிற்றுக்கிழமை மீண்டும் மலையேறுகிறேன்.