டயர் பிடி விடும் இடம்: பந்தய கேமில் உண்மையும் விளையாட்டும்

கார்ப் பந்தய கேம் ஒன்றை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்களில் அதிகம் குறைசொல்பவர்கள், நிஜமாகவே நன்றாக வாகனம் ஓட்டத் தெரிந்தவர்கள்தான். காத்தான்குடிக்கும் கல்முனைக்கும் இடையில் தினமும் வேன் ஓட்டும் ஒருவரிடம் போனைக் கொடுத்துப் பாருங்கள். இரண்டாவது வளைவிலேயே “இதென்ன மச்சான், ஐஸ்ல ஓடுற மாதிரி இரிக்கி” என்பார். இத்தனைக்கும் உள்ளே ஓடும் கணக்கில் பிழை இருக்காது. உராய்வு, திணிவு, சில்லுகளுக்கிடையிலான தூரம் எல்லாம் நிஜக் காரின் எண்களே. ஆனால் நிஜக் காரில் டயர் பிடியை விடப்போகிறது என்பதை இருக்கை முதுகுக்குச் சொல்லும், ஸ்டியரிங் இலேசாகிக் கைக்குச் சொல்லும், உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து சொல்லும். போனில் இருப்பது கண், காது, கொஞ்சம் அதிர்வு, அவ்வளவுதான். செய்தி வராமல் விளைவு மட்டும் வந்தால் எந்த நல்ல ஓட்டுநருக்கும் அது அநியாயமாகவே தெரியும்.

மட்டக்களப்பில் இருந்துகொண்டு, சிறிய குழுவாகப் போனுக்கான பந்தய கேம் செய்யும் எங்களுக்கு இந்த வேலை கற்றுத்தந்த அளவுகோல் இதுதான்: விளையாடுபவருக்கு முன்கூட்டியே உணர்த்த முடிந்த உண்மையை வைத்துக்கொள்ள வேண்டும், உணர்த்த முடியாததைத் தளர்த்திவிட வேண்டும். எது யதார்த்தம், எது கற்பனை என்ற வாதத்தை விட இந்தக் கேள்வி வேலையை விரைவாக முடிக்கிறது.

இரண்டு பாதைகளும் இந்தத் துறையில் பழையவை. 1986இல் வந்த அவுட்ரன்னும் 1993இல் வந்த ரிட்ஜ் ரேசரும் பௌதிகத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தாமலே வேகத்தின் இன்பத்தைக் கொடுத்தன. 1998இல் வந்த கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ், 1967ஆம் ஆண்டுப் பந்தயக் கார்களை அப்படியே ஓடவைக்க முயன்றது. முதல் வளைவைச் சுழலாமல் கடப்பதே அதில் ஒரு சாதனை. இடையில் 1997இல் வந்த கிரான் டூரிஸ்மோ ஒரே வட்டில் இரண்டு முறைகளையும் வைத்தது. எங்களைப் போன்ற சிறு குழுவுக்கு இரண்டு முறை செய்ய ஆளும் இல்லை, நேரமும் இல்லை. ஒரே காரை, யதார்த்தம் தேடுபவர், வேக இன்பம் தேடுபவர் இருவருக்கும் பிடிக்கும்படி ஓடவைக்க வேண்டியிருக்கிறது.

அதற்கான பெரும்பகுதி வேலை டயர் வளைகோட்டில்தான் இருக்கிறது. டயர் பார்க்கும் திசைக்கும் அது உண்மையில் நகரும் திசைக்கும் இடையிலான கோணத்தை நழுவுகோணம் என்று வைத்துக்கொள்வோம். கோணம் கூடக் கூடப் பக்கவிசை ஏறக்குறைய நேர்கோட்டில் ஏறும். சாதாரண வீதி டயரில் 6 முதல் 10 பாகைக்குள் உச்சத்தைத் தொடும். அதன் பிறகு இறங்கும். நெதர்லாந்துப் பேராசிரியர் ஹான்ஸ் பசேக்காவின் சூத்திரம் இந்த வடிவத்தை மிக நுட்பமாக வரைகிறது. போனில் அவ்வளவு தேவையில்லை. நாங்கள் கேம் செய்யப் பயன்படுத்தும் யூனிட்டி மென்பொருளின் சில்லுக் கருவி நான்கு எண்களால் அதே வடிவத்தைத் தருகிறது. பக்கவாட்டில் அதன் ஆரம்ப எண்கள்: உச்சம் நழுவு 0.2இல், பெறுமானம் 1. இறக்கம் முடிவது 0.5இல், பெறுமானம் 0.75. அதாவது உச்சத்தைத் தாண்டினால் நான்கில் ஒரு பங்கு பிடி போய்விடும். அந்தக் கால் பங்கு போகும் கணத்தில் பெருவிரலால் திரையைத் தொடுபவரால் ஒன்றும் செய்ய முடியாது, கார் சுழன்றுவிடும்.

நாங்கள் வடிவத்தைத் தொடுவதில்லை, எண்களை மாற்றுகிறோம். இறக்கத்தின் முடிவை 0.75இலிருந்து 0.9க்கு உயர்த்தி, அது முடியும் இடத்தை 0.5இலிருந்து 0.8க்குத் தள்ளுகிறோம். இப்போதும் உச்சம் உண்டு, தாண்டினால் தண்டனையும் உண்டு. ஆனால் மீட்பதற்கு இடமும் நேரமும் கிடைக்கின்றன. டயர் கிரீச்சிடும் ஒலியை உச்சத்துக்கு முன்பே, அதன் 70 சதவீதத்தில் தொடங்கவிட்டு, உச்சத்தில் சுருதியை மாற்றுகிறோம். இந்த ஒரு ஒலி, இருக்கையும் ஸ்டியரிங்கும் சொல்லாததில் பாதியைச் சொல்லிவிடுகிறது. ஒலியை அணைத்துவிட்டு விளையாடுபவர்கள் பலர் என்பதால் அதே புள்ளியில் போனின் அதிர்வும் வேண்டும்.

ஒட்டுமொத்தப் பிடியையும் கொஞ்சம் உயர்த்தத்தான் வேண்டும். 50 மீற்றர் ஆரையுள்ள வளைவை, உராய்வு 0.9ஆக இருக்கும் காய்ந்த தாரில் மணிக்கு 76 கிலோமீற்றருக்கு மேல் எடுக்க முடியாது. திரையில் 76 என்பது ஊர்வது போலிருக்கும். 1.3 என்று வைத்தால் 91 வரை போகலாம். அதற்கு மேல் ஆசைப்பட்டு 1.6, 1.7 என்று ஏற்றினால் வேறொரு வினை வருகிறது: கார் நழுவாமல் கவிழ்கிறது. காரணம் எளிது. இரு பக்கச் சில்லுகளுக்கிடையிலான அகலம் 1.45 மீற்றர், புவியீர்ப்பு மையத்தின் உயரம் 0.5 மீற்றர் என்றால், பக்க ஆர்முடுகல் புவியீர்ப்பின் 1.45 மடங்கைத் தாண்டும்போது உட்பக்கச் சில்லுகள் தரையை விடும். டயருக்கு அதைவிடக் கூடுதல் பிடி கொடுத்தால் கவிழ்வதைத் தவிர காருக்கு வழியில்லை.

வழக்கமான தீர்வு புவியீர்ப்பு மையத்தை 0.3 மீற்றருக்கு இறக்குவது. கவிழும் எல்லை 2.4 மடங்காகிவிடும். ஆனால் இறக்கியதும் கார் சாய்வதே நின்று, மேசையில் தள்ளிய பெட்டி போல வழுக்கிப் போகும். அதனால் கணக்கிலுள்ள காரையும் கண்ணுக்குத் தெரியும் காரையும் பிரித்துவிடுகிறோம். கணக்குக் கார் தாழ்வாக, நேராக ஓடும். மேலே தெரியும் உடலைப் பக்கவிசைக்கேற்ப 3 அல்லது 4 பாகை சாய்க்கிறோம், பிரேக் பிடித்தால் மூக்கை 2 பாகை தாழ்த்துகிறோம். இதை ஏமாற்று என்று சிலர் சொல்வார்கள். எங்கள் பார்வையில் இதுதான் நேர்மையான வேலை, ஏனென்றால் அந்தச் சாய்வுதான் ஓட்டுபவருக்குப் போய்ச் சேரும் செய்தி.

ஆட்டோவில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. முன்னால் ஒரே சில்லு, உயரமான உடல், ஒடுக்கமான பின்பகுதி. நிஜ ஆட்டோ வேகமாகத் திருப்பினால் நழுவுவதற்கு முன்பே உட்பக்கப் பின்சில்லைத் தூக்கும். எங்கள் ஊரில் இது தெரியாதவர் இல்லை. அப்படியே விட்டால் முதல் திருப்பத்திலேயே பந்தயம் முடிந்துவிடும். முற்றாகத் தடுத்தால் அது ஆட்டோ உருவத்தில் ஓடும் காராகிவிடும், எவரும் ஏற்கமாட்டார்கள். சில்லு தூக்குவதை அனுமதிக்கிறோம். சாய்வு 12 பாகையைத் தாண்டும்போது மட்டும் எதிர்த் திருப்புவிசை ஒன்றை மெதுவாகக் கூட்டி நிறுத்துகிறோம். தண்டனைக்கு எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை, பௌதிகமே தருகிறது: பின்சில்லுகளுக்கு இடையில் வலுவைப் பகிரும் பற்சக்கரத் தொகுதியான சாதாரண டிபரன்சல், தூக்கிய சில்லுக்குப் போகும் வலுவை வீணாகச் சுழலவிடும், தரையிலுள்ள சில்லுக்கு இழுவை கிடைக்காது. என்ஜின் அலறும், வேகம் விழும். அந்த அலறல் கேட்டவுடனே ஸ்டியரிங்கைக் கொஞ்சம் விட வேண்டும் என்று எவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. உண்மையும் விளையாட்டும் ஒரே இடத்தில் சந்திப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கள் கேமில் இல்லை.

பிரேக்கில் கவனிக்க வேண்டியது முன்பின் பங்கு. 1000 கிலோகிராம் காரை 0.8 மடங்கு புவியீர்ப்பில் நிறுத்தும்போது, மையம் 0.5 மீற்றர் உயரத்திலும் முன்பின் சில்லுகளுக்கிடையிலான நீளம் 2.5 மீற்றராகவும் இருந்தால், ஏறத்தாழ 160 கிலோகிராம் பாரம் பின்னிருந்து முன்னுக்கு மாறுகிறது. நான்கு சில்லுக்கும் ஒரே அளவு பிரேக் கொடுத்தால், பாரம் குறைந்த பின்சில்லுகள் முதலில் பூட்டிக்கொண்டு கார் சுழலும். விளையாடுபவர் அதைப் பிரேக் கோளாறு என்று சொல்லமாட்டார், “தானாத் திரும்புது” என்பார். அப்படி முறைப்பாடு வந்தால் ஸ்டியரிங்கில் தேடுவதற்கு முன் பிரேக் பங்கைப் பாருங்கள். முன்னுக்கு 65, பின்னுக்கு 35 என்பது பாதுகாப்பான தொடக்கம்.

ஸ்டியரிங்குக்கு ஒரே ஒரு விதி போதும். நிற்கும்போது 35 பாகை வரை திரும்பட்டும், 120 கிலோமீற்றரில் 7 பாகைக்கு மேல் வேண்டாம். பொத்தானைத் தொட்டதும் முழுக்கோணம் உடனே வராமல் 0.25 செக்கனில் வரட்டும், விட்டதும் அதைவிட விரைவாக நடுவுக்குத் திரும்பட்டும்.

எங்கள் பக்கத்து வீதிகளைக் கேமுக்குள் கொண்டுவருவது தனிச் சவால். பந்தயத்துக்கு மலைநாட்டு வளைவுகள்தான் சுவை என்று பலரும் நினைக்கிறார்கள். கிழக்கு தட்டையானது, வீதி நேரானது. மட்டக்களப்பிலிருந்து கல்முனை சுமார் 40 கிலோமீற்றர், 120இல் ஓடினாலும் 20 நிமிடம். அவ்வளவு நேரம் நேராக ஓட யாருக்கும் பொறுமையில்லை. ஆகவே தூரத்தைச் சுருக்குகிறோம், அடையாளங்களின் வரிசையைக் குலைப்பதில்லை. கல்லடிப் பாலம், காத்தான்குடியில் வீதி நடுவே நிற்கும் பேரீச்ச மரங்கள், கல்முனைக் கடைத்தெரு, காரைதீவுச் சந்தியில் அம்பாறைக்குத் திரும்பும் வளைவு, பிறகு வயல்வெளி என்று ஒழுங்கு மாறாமலிருந்தால், இடையில் எத்தனை கிலோமீற்றர் காணாமல் போனது என்று ஊரவர்களே கேட்பதில்லை. அகலத்தைக் கூட்டத்தான் வேண்டும். நிஜ வீதியின் 7 மீற்றர், பின்னாலிருந்து பார்க்கும் கமெராவில் சந்து போலத் தெரியும். 11 மீற்றர் தேவைப்படுகிறது.

பழைய கல்லடிப் பாலத்தை மட்டும் அகலமாக்க மனம் வரவில்லை. 1924இல் திறந்த அந்த இரும்புப் பாலம் ஒடுக்கமாக இருப்பதுதான் அதன் முகம். போட்டியை 2013இல் திறந்த புதிய பாலத்தால் அனுப்பிவிட்டு, பழைய பாலத்தைத் தனியே நேரத்துக்கெதிராக ஓடும் சுற்றுக்கு வைப்பது பொருத்தமாக இருக்கிறது. முந்த ஆளில்லாத இடத்தில் ஒடுக்கம் ஒரு இன்பம்.

வளைவு குறைந்த நாட்டில் சவால் தரையிலிருந்து வருகிறது. அறுவடைக் காலத்தில் வீதியோரம் காயப்போட்ட நெல், கடற்கரைப் பக்கம் காற்று கொண்டுவந்து போட்ட மணல், வடகீழ்ப் பருவமழை விட்டுச்சென்ற நீர். தாரில் 1.3 என்றால் ஈரத்தில் 0.9, மணலில் 0.65, நெல்லில் 0.55 என்று வைத்திருக்கிறோம். இவை விளையாட்டுக்காக நாங்கள் தீர்மானித்த எண்கள், அளந்தவை இல்லை. இடப்பக்கச் சில்லுகள் நெல்லிலும் வலப்பக்கம் தாரிலும் இருக்கும்போது பிரேக் பிடித்தால் கார் வலப்பக்கம் இழுக்கும். நிஜத்திலும் அப்படித்தான். அந்த இழுவையைப் பாதியாகக் குறைத்து வைத்திருக்கிறோம், ஏனென்றால் ஸ்டியரிங்கில் அது கைக்குத் தெரியும், திரையில் தெரியாது. அதேவேளை நெல் விரிப்பு குறைந்தது 60 மீற்றருக்கு முன்பே கண்ணில் படும்படி நிறத்தைத் தூக்கிக் காட்டுகிறோம். மணிக்கு 110 கிலோமீற்றரில் அது இரண்டு செக்கன் தூரம்தான்.

மாடுகளும் பாதசாரிகளும் எங்கள் பாதைகளில் இல்லை. நிஜ வீதியில் இரவில் படுத்திருக்கும் மாட்டில் மோதி உயிரிழந்தவர்கள் உண்டு. அந்தக் காட்சியைப் புள்ளிக்கணக்காக்குவது எங்களால் முடியாது. எல்லாப் பாதைகளுக்கும் தடுப்பும் கொடியும் போட்டு, பந்தயத்துக்காக மூடிய வீதி என்று தெளிவாகக் காட்டுகிறோம். இதே வீதியில் மோட்டார் சைக்கிளோடு இறங்கும் பிள்ளைகள் விளையாடும் கேம் இது, அந்தக் கொடி அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

கணினி ஓட்டும் கார்கள் பின்தங்கினால் கொஞ்சம் வேகம் கொடுப்பதும் முன்னேறினால் குறைப்பதும் எல்லோரும் செய்வது. 5 சதவீதத்தைத் தாண்டினால் விளையாடுபவர் கண்டுபிடித்துவிடுவார், பிறகு எந்த வெற்றியும் அவருக்கு இனிக்காது. பின்னோக்கிச் சென்று வளைவை மீண்டும் எடுக்கும் வசதி, 2008இல் கிரிட் கேமில் வந்ததிலிருந்து ஏற்றுக்கொள்ளப்பட்ட விடயம். அது இருந்தால் பௌதிகத்தைச் சற்றுக் கடுமையாக வைக்கத் துணிவு வரும்.

கடைசியாக, எண்களெல்லாம் சரியாக இருந்தும் ஓட்டம் கெடும் ஒரு வழியைச் சொல்லியாக வேண்டும். யூனிட்டி பௌதிகக் கணக்கை 0.02 செக்கனுக்கு ஒருமுறை, அதாவது செக்கனுக்கு 50 தடவை செய்கிறது. திரை 60 தடவை மாறுகிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் கார் நடுங்குவது போலத் தெரியும். இரண்டு கணக்குகளுக்கு இடைப்பட்ட நிலையைத் திரைக்குக் கொடுக்கும் இடைக்கணிப்பைப் போட்டால் அது தீரும். 0.01க்குக் குறைத்தால் சுருள்வில் துள்ளுவதும் அடங்கும், ஆனால் செயலிக்கு இரட்டை வேலை. மலிவான போன் எங்கள் ஊர் மதிய வெயிலில் அரை மணி நேரத்தில் சூடாகித் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திரை 60இலிருந்து 30க்கு விழும், தொடுகைக்கும் திருப்பத்துக்கும் இடையில் தாமதம் கூடும், “வண்டி பாரமாப் போச்சு” என்ற குறை வரும். அந்தக் குறையைக் கேட்டு டயர் எண்ணில் கைவைத்தால் குளிர்ந்த போனில் விளையாடுபவருக்கு அது கெட்டுவிடும். ஆகவே பரிசோதிப்பவர் போனை முதலில் அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடாக்குகிறோம், திரை வேகப் பதிவைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறோம். குறை சொன்ன நேரமும் பதிவு விழுந்த நேரமும் ஒன்றாக இருந்தால் திரையில் வரையும் நிழலையும் புல்லையும் குறைக்கிறோம். இரண்டும் பொருந்தாதபோது மட்டுமே டயர் வளைகோட்டைத் திறக்கிறோம்.