ஒரு சுற்று எண்ணெய்

மார்ச் 4, 2025

நேற்று சாயங்காலம் இருபது லிட்டர் பெயிண்ட் வாளியோடு கடை மாடிக்கு ஏறினேன். பாதிப் படியில் மூச்சு முட்டியது. இடது தோள் கனத்து, சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. கடைப் பையன் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். இரண்டு முறை இசிஜி, இதயம் அடிபட்டதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை இரண்டு முறை. இதயத்துக்கு ஒன்றுமில்லை. ஆனால் பிரஷர் 170/110, டிரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு 312, மூன்று மாத சர்க்கரை சராசரி 6.3, போதாததற்கு ஈரலில் கொழுப்பு. உயரம் 168 செ.மீ., எடை 91 கிலோ. இடுப்பு 108 செ.மீ.; ஆண்களுக்கு 90-ஐத் தாண்டக்கூடாதாம்.

பிரஷருக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார் டாக்டர். “ஆறேழு கிலோ குறைச்சாலே ஈரல் கொழுப்பு இறங்கும். மூணு மாசம் கழிச்சு வாங்க” என்றார். எனக்கு வயது 47. வீட்டுக்கு வரும் வழியில் அப்பா போன வயதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 52.

மார்ச் 6

நேற்று சாம்பல் புதன். பரோட்டாவும் பீஃபும் வேண்டாம் என்றதும் தவக்கால நோன்பு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை. நோய் என்றால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். நோன்பு என்றால் விட்டுவிடுவார்கள்.

ராத்திரி உட்கார்ந்து என் வழக்கமான ஒருநாள் தீனியை எழுதினேன். ஆறு சாயா, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி. அதுவே 60 கிராம் வருகிறது. நாலு மணிக்கு இரண்டு ரசவடை, இல்லையென்றால் ஏத்தம்பழ பஜ்ஜி. ராத்திரி நாலு பரோட்டா. மனைவி மஸ்கட்டில் நர்ஸ். போனில் படித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு, “சோறு எவ்வளவுன்னு எழுதலயே?” என்றாள். சோற்றை யார் எண்ணுகிறார்கள்?

மார்ச் 9

இன்று முதல் சமையல் என் கையில். அம்மாவுக்கு 74 வயது. ஸ்டூலில் உட்கார்ந்து உத்தரவு போட மட்டும் சம்மதித்தாள்.

குளச்சல் சாளை மீன் குழம்பு. தேங்காய், மல்லி, வத்தல், மஞ்சள், நாலு சின்ன உள்ளி, கொஞ்சம் நல்லமிளகு எல்லாம் வெண்ணெய் போல அரைய வேண்டும். அதில் புளியைக் கரைத்து, மாங்காய்த் துண்டு போட்டு மண்சட்டியில் கொதிக்க வைத்தேன். மீன் போட்ட பிறகு கரண்டி விடக்கூடாது, சட்டியைத் துணியோடு பிடித்து ஆட்டத்தான் வேண்டும். கடைசியில் கறிவேப்பிலை, அதன் மேல் பச்சைத் தேங்காயெண்ணெய் ஒரு சுற்று.

அந்த ‘ஒரு சுற்று’ எவ்வளவு என்று கேட்டேன். “ஒரு சுத்துன்னா ஒரு சுத்துதான் மக்களே” என்றாள். குப்பியை அவள் கையிலேயே கொடுத்து, காலிக் கிண்ணத்தில் சுற்றச் சொன்னேன். அதை 15 மில்லி ஸ்பூனால் அளந்தால் நாலு ஸ்பூன் வந்தது. ஸ்பூனுக்கு 120 கலோரி என்று வைத்தாலும் 480. அது சட்டியின் மேலே மினுங்குவதற்கு மட்டும். தாளிப்பது, பொரிப்பது எல்லாம் தனிக் கணக்கு. அம்மா கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “உங்க அப்பாவும் இதத்தான் தின்னாரு” என்றாள். அதற்குமேல் இருவரும் பேசவில்லை.

இன்று ஒரு ஸ்பூன்தான் விட்டேன். மணம் அப்படியேதான் இருந்தது.

மார்ச் 23

எடை 88.4 கிலோ.

தேங்காயை அடியோடு விட்டுவிடு என்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. தேங்காய் இல்லாமல் ஒரு வாரம் சமைத்தால் எட்டாம் நாள் ஹோட்டலுக்குப் போய்விடுவேன், என்னை எனக்குத் தெரியும். மூன்று பேருக்கு நாளொன்றுக்கு ஒரு தேங்காய் போய்க்கொண்டிருந்தது. இப்போது அரை மூடி. துவரனில், அதாவது பொரியலில், முருங்கைக்கீரையோ வாழைத்தண்டோ கூடுதல், தேங்காய் மேலே தூவ மட்டும். தேங்காயை வறுத்தரைத்து வைக்கிற தீயல் குழம்புக்கு மட்டும் வழி கண்டுபிடிக்க முடியவில்லை. வறுத்தரைத்தால் தேங்காய் சுருங்கி, இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று கேட்கிறது. அதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருக்கிறேன்.

சோற்றையும் எண்ணிவிட்டேன். ஐந்து கரண்டி தின்றுகொண்டிருந்திருக்கிறேன்! இப்போது இரண்டு. ராத்திரி சம்பா அரிசிக் கஞ்சியும் சிறுபயறும், ஒரு துண்டு சுட்ட கருவாடு. பிரஷர்காரனுக்குக் கருவாடு ஆகாது என்று மகள் பிடுங்கிவிட்டாள். நியாயம்தான்.

ஏப்ரல் 13

86.6. குருத்தோலையோடு கோயிலில் நின்றபோது பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. ஒரு கையில் ஓலை, மறு கையில் பேன்ட்.

ஏப்ரல் 20

பாஸ்கா, அதாவது ஈஸ்டர். நோன்பு என்ற சாக்கு இன்றோடு முடிந்தது. காலையில் அப்பமும் கோழிக்கறியும், மத்தியானம் மச்சான் வீட்டில் பீஃப். “இனி என்ன, தவக்காலம் முடிஞ்சுல்லா?” என்று அக்கா இலையில் போட்டுக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் ஆஸ்பத்திரிக் கதையைச் சொன்னேன். அவள் கை அப்படியே நின்றது. முன்பே சொல்லியிருக்கலாம்.

மே 4

87.1. ஏறிவிட்டது. தவக்காலத்தில் எங்களுக்குக் கல்யாணம் கிடையாது, அதனால் பாஸ்கா முடிந்ததும் மொத்தமாக வந்து விழுகிறது. பத்து நாளில் நாலு கல்யாணம். போளியைப் பாயசத்தில் பிசைந்து தின்னாமல் எழுந்து வருகிற மனவலிமை எனக்கு இல்லை. ஒன்று மட்டும் செய்தேன்: மத்தியானம் கல்யாணம் என்றால் ராத்திரி வெறும் மோரும் இரண்டு மட்டிப்பழமும். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம், விரல் நீளம்தான். நிறையத் தின்றது போல மனசை ஏமாற்ற நல்லது.

மே 28

84.8. நாலைந்து நாளாக மழை. சாயா மூன்றாகிவிட்டது, சீனி இல்லாமல். சாயாக்கடைக்காரர் தினமும் மறந்து சீனி போடுகிறார், தினமும் திரும்ப ஆற்றுகிறார்.

ஜூன் 2

நேற்று முதல் மேற்குக் கரையில், குளச்சல் பக்கம் விசைப்படகுகளுக்குத் தடை, ஜூலை 31 வரை. கிழக்குக் கரையில், சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15-லேயே படகுகளைக் கட்டிவிட்டார்கள், அங்கே 14-ஆம் தேதி வரை போக முடியாது. இந்த இரண்டு வாரம் குமரி மாவட்டத்தின் இரு கரையிலும் விசைப்படகு இல்லை. வள்ளத்தில் வருகிற கொஞ்ச மீனுக்குச் சொல்கிற விலையைக் கேட்டால் டிரைகிளிசரைடு ஏறும். முட்டையையும் பயற்றையும் வைத்து ஓட்ட வேண்டியதுதான்.

ஜூன் 5

ரிசல்ட் வந்தது. எடை 83.9, டிரைகிளிசரைடு 171, சர்க்கரை சராசரி 5.8, பிரஷர் 130/84. இடுப்பு இன்னும் 99. மாத்திரையை நிறுத்தலாமா என்றேன். “அதுக்கு அவசரப்படாதீங்க” என்றார் டாக்டர்.

வெளியே நல்ல மழை. அம்மா மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி) வாங்கி வைத்திருந்தாள். மூன்று மாதமாக இந்த வீட்டில் அது வேகவில்லை. விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில் திருவிதாங்கூரில் பரவிய கிழங்கு, பஞ்ச காலத்தில் எத்தனையோ வயிற்றை நிரப்பியது. அதை எதிரி மாதிரி பார்க்க எனக்கும் கஷ்டமாக இருந்தது. தோலுரித்து வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, உப்பு மஞ்சள் போட்டு மறுபடி ஒரு கொதி. உள்ளியும் காந்தாரி மிளகாயும் நசுக்கி, அரை ஸ்பூன் எண்ணெய். சோறு கிடையாது, நாலு துண்டு கிழங்கு என்று எழுதிவைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

தட்டில் ஐந்து இருந்தது. அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள், இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நோட்டில் நாலு என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.